கேரட் வைத்து வளர்த்த பூனைக்குட்டி

முத்துவடிவு கோபக்காரி என்பது குத்துக்கல்வலசையில் அவள் குடியிருக்கிற தெருவுக்கே தெரியும். மினி பஸ் டிரைவர் அவள் நிற்பதைப் பார்த்தால் நாலு வீடு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவார். ஒருநாள் நிறுத்தாமல் போய்விட்டதற்கு, மறுநாள் அவள் பஸ்ஸை மறித்து நின்று பத்து நிமிடம் பேசியதை அவர் இன்னும் மறக்கவில்லை.

இந்தக் கோபம் எந்த வழியில் வந்தது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வது உண்டு. கடையம் பொதிகாசலம் பிள்ளைக்கு மூன்று மக்கள். மூத்தவர் முத்துக்குமாரசாமி. அடுத்தது ஒரு பெண், ஆழ்வார்குறிச்சியில் வாக்கப்பட்டு, இப்போது மகனோடு புனேயில் இருக்கிறாள். கடைசி முத்துவடிவு. பொதிகாசலம் பிள்ளையின் தாயாருக்கு ஒரு அண்ணன் இருந்தார். ரசத்தில் உப்பு இல்லை என்று ஈயச்சொம்போடு தூக்கிக் கிணற்றில் போட்டவர். அவர் ரத்தம்தான் இவளுக்கு இறங்கியிருக்கிறது என்று ஒரு கட்சி. கட்டினவன் விட்டுப்போனதால் வந்த கோபம் என்று இன்னொரு கட்சி.

கட்டினவன் விட்டுப்போனபோது அவள் ஒரு சத்தம் போடவில்லை. செங்கோட்டையில் நாலு வருடம் குடித்தனம் நடத்தினாள். அவன் கொல்லத்துக்கு வேலைக்குப் போனான், போன இடத்திலேயே குடும்பமாகிவிட்டான். இவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் முத்துக்குமாரசாமி வீட்டுக்கு வந்தாள். வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. ஊரில் எல்லாரிடமும் சண்டை பிடிக்கிறவள், அண்ணன் வீட்டு வாசலுக்குள் வந்தால் வாயைப் பூட்டிக்கொள்வாள். போட்டதைச் சாப்பிட்டாள், சொன்ன இடத்தில் படுத்தாள். இது எனக்கு வேண்டும் என்று எதையும் கேட்டதில்லை. ஒரு பூனைக்குட்டிக்குச் சாப்பாடு கேட்டதுதான் முதல்.

குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில், பதினாலு அறையுள்ள ஒரு லாட்ஜில் அவளுக்கு வேலை. அறையைச் சுத்தம் செய்வது, விரிப்பு மாற்றுவது, எண்ணெய் தேய்த்த உடம்போடு மெத்தையில் உருளுகிறவர்களைத் திட்டி எழுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. போன ஆனி மாதம், சாரல் பிடித்த முதல் வாரத்தில், ஆறாம் நம்பர் அறையிலிருந்த கோயம்புத்தூர் குடும்பம் காலிசெய்துவிட்டுப் போனது. பெருக்கப் போன முத்துவடிவு குளியலறையில் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். வாளிக்குள் லாட்ஜ் துண்டு. துண்டின்மேல் சாம்பல் நிறத்தில் உள்ளங்கை அளவு ஒரு பூனைக்குட்டி. கதவுக் கொக்கியில் தொங்கிய பையில் எட்டு பாக்கெட் பூனைத் தீனி. மொறுமொறுவென்று கடிக்கிற காய்ந்த தீனி இல்லை. பிரித்துப் பிதுக்கினால் பசைபோல வருகிற ஈரத் தீனி.

ரிஜிஸ்டரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

"ஆன்ட்டி, அது அருவிகிட்ட கிடந்துச்சு. பசங்க எடுத்துட்டு வந்துட்டாங்க. கார்ல கொண்டுபோனா வாந்தி எடுக்குமேன்னு விட்டுட்டோம். நீங்களே வச்சுக்கங்க."

"உங்க பிள்ளையள் கார்ல வாந்தி எடுத்தா, அதுகளையும் வாளிக்குள்ள விட்டுட்டுப் போயிருவியளோ?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். லாட்ஜ் முதலாளி விஜயசங்கர் தலையைச் சொறிந்தார்.

"இங்க வைக்க முடியாதுக்கா. குரங்கு பாத்துச்சுன்னா ஒரே தூக்கு."

குற்றாலத்துக் குரங்குகள் ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டுப் பழத்தை எடுக்கிறவை. அவர் சொன்னது நியாயம்தான். முத்துவடிவு வயர் கூடையில் துண்டைப் போட்டு, குட்டியை வைத்து, மினி பஸ் ஏறி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பேர் ஒன்றும் வைக்கவில்லை. மூதேவி என்பதைச் சுருக்கி மூதி என்றுதான் கூப்பிட்டாள்.

மறுநாள் தென்காசியில் கால்நடை டாக்டர் ஜெயசித்ராவிடம் காட்டினாள். டாக்டர் பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்காரவைத்து எடை போட்டார். நானூற்று முப்பது கிராம்.

"அஞ்சு வாரம் இருக்கும்மா. பால் குடுக்காதீங்க, வயித்தால போகும். கொண்டுவந்திருக்கீங்களே, இதே பாக்கெட்டைக் குடுங்க. இதுக்கு மூஸ்னு பேரு, மைய அரைச்சது. பல்லு இப்பதான் முளைக்குது, இதுதான் இறங்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை. பத்து நாள் கழிச்சு வரும்போது ஐந்நூத்தைம்பது கிராமாவது இருக்கணும்."

நாலு தடவை என்றால் காலையும் ராத்திரியும் முத்துவடிவு வைப்பாள். நடுவில் இரண்டு வேளைக்கு ஆள் வேண்டும். சீசனில் காலை ஆறரைக்குப் போனால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் திரும்ப முடியும். அண்ணன் மனைவி சாவித்ரியிடம் கேட்டாள்.

"மதினி, ரெண்டு வேளை மட்டும் பிதுக்கி வச்சிருவியளா?"

அது முட்டைகூட வாசல்படி தாண்டாத வீடு. முத்துக்குமாரசாமி தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். காலையில் குளித்துப் பூசை முடியாமல் காப்பி குடிக்க மாட்டார். சாயங்காலமானால் கோயிலில் பதிகம் பாடுகிற கூட்டத்தில் இருப்பார். மீனை மார்க்கெட்டில் தூரத்திலிருந்து பார்த்ததைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. சாவித்ரி பாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"கையில படாதுல்லா?"

"படாது மதினி. ஓரத்தை வெட்டிட்டு அமுக்குனா விழுந்துரும்."

"அப்ப புறவாசல்ல வச்சுப் போடுதேன். வீட்டுக்குள்ள கொண்டுவரப்பிடாது, பாத்துக்கோ."

நாலு நாள் ஒழுங்காக நடந்தது. குட்டி வயிறு உப்பத் தின்றது, செருப்பைக் கடித்தது. எட்டு பாக்கெட்டும் தீர்ந்த அன்று முத்துவடிவு காலிப் பாக்கெட்டை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, தென்காசிக்குத்தானே போறீய? கிதிர் முகம்மதோட பூனைத் தீனிக் கடையில இதே மாதிரி ஒரு இருவது வாங்கிட்டு வாங்க. இதைக் காட்டுனா போதும்."

அவரும் வாங்கிவந்தார். நியூஸ் பேப்பரில் சுற்றி, அதன்மேல் ஒரு துணிப்பை, அதன்மேல் இன்னொரு பை. மறுநாள் விடியற்காலையில் முத்துவடிவு ஒன்றைப் பிரித்தாள். உள்ளே பசை இல்லை. கொழகொழவென்று கூழ்மாதிரி ஒன்றும், அதற்குள் பழுப்புத் துண்டுகளும், கேரட்டும் பட்டாணியும் இருந்தன. கடையில் பழையது இல்லைபோல என்று நினைத்தாள். தட்டில் கொட்டினாள். குட்டி அந்தக் கூழை நக்கியது, துண்டை ஒரு தடவை வாயில் கவ்விக் கீழே போட்டது, போய்விட்டது.

"ஏ மூதி, தின்னுட்டி. கோயம்புத்தூர்க் கொழுப்பு இன்னும் அடங்கலியோ?"

அது தின்னவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ராத்திரியும் அப்படியே. நடுவேளைக்கு மதினி வைக்கிறாள், அப்போது தின்னும் என்று ஒரு நம்பிக்கை. நாலாம் நாள் குட்டி செருப்பைக் கடிப்பதை நிறுத்தியது. ஆறாம் நாள் கூடையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு மலையில் கனத்த மழை. அருவிகளில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். லாட்ஜில் பாதி ஆட்கள் காலிசெய்துகொண்டு போய்விட, விஜயசங்கர் மத்தியானமே அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவள் நேராகப் புறவாசலுக்குப் போனாள்.

அங்கே சாவித்ரி குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் டீ வடிகட்டி. வடிகட்டிக்குள் பூனைத் தீனி. குழாயைத் திறந்துவிட்டு நன்றாகக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் ஒரு ஈர்க்குச்சி. அந்தக் குச்சியால் பழுப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்து மதில்மேல் வைத்தாள். மதிலில் நாலு காக்கை வரிசையாகக் காத்திருந்தது. முத்துக்குமாரசாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே நின்று மேற்பார்வை பார்த்தார்.

"அந்தா, பட்டாணிக்கு அடியில ஒண்ணு கிடக்கு பாரு. அதையும் எடு."

கடைசியில் கழுவின கேரட்டும் ஆறேழு பட்டாணியும் மிஞ்சியது. அதைச் சாவித்ரி தட்டில் வைத்துக் கூடைக்கு முன்னால் தள்ளினாள். குட்டி முகர்ந்துவிட்டுத் தலையைக் கீழே போட்டது.

முத்துவடிவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினபோது காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

"மதினி, என்ன பண்ணுதீய?"

சாவித்ரி திடுக்கிட்டாலும் சமாளித்துக்கொண்டாள். "என்ன பண்ணுதேன்? உன் பூனைக்குச் சோறு போடுதேன். கவுச்சியெல்லாம் எடுத்துட்டுச் சுத்தமா வைக்கேன். நாலு தண்ணில அலசிட்டுத்தான் வைக்கேன், பாத்துக்கோ."

"எத்தனை நாளா?"

"அண்ணன் வாங்கிட்டு வந்ததுலேருந்து."

"ஆறு நாளா! பூனைக்கு ஆறு நாளாக் கழுவுன கேரட்டா?"

முத்துக்குமாரசாமி துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். "ஏட்டி வடிவு, எதுக்குக் கத்துதே? நான்தான் சொன்னேன். கடையில படம் பாத்தேன். மத்த பாக்கெட்டுல எல்லாம் மீனு, கோழின்னு போட்டிருந்தான். இதுல கேரட்டும் பட்டாணியும் இருந்துச்சு. நம்ம வீட்டுக்கு இது பொருத்தம்னு எடுத்தேன். சைவ வீட்டுல வளருது, பழகிட்டா அதுவும் சைவமாயிரும்."

"நான் காலிப் பாக்கெட்டு குடுத்தேனே?"

"அது நாறுச்சு. பஸ் ஸ்டாண்டுலயே போட்டுட்டேன்."

"கடைக்காரரு ஒண்ணும் சொல்லலியா?"

"என்னமோ சொன்னாரு. குட்டின்னா வேறன்னாரு. அதுக்குள்ள பதிகக் கூட்டத்து ஆளுக ரெண்டு பேரு எதிர்த்தாப்புல வந்துட்டாக. மீன் தீனி விக்குத கடையில நின்னு பேசிட்டிருக்கச் சொல்லுதியா? பணத்தைக் குடுத்துட்டு வந்துட்டேன்."

முத்துவடிவு அந்த வடிகட்டியை வாங்கினாள். அடுத்த நிமிடம் அது மதிலைத் தாண்டிப் பக்கத்துக் காலிமனையில் போய் விழுந்தது. காக்கைகள் கலைந்தன.

"முப்பத்தோரு வருஷம் நீங்க போட்டதைத் தின்னேன் அண்ணே. உப்பு பத்தலன்னு சொல்லியிருக்கேனா? எனக்கு வாய் இருக்கு, நான் சொல்லல. அதுக்கு வாயே இல்ல. நீங்க பதிகக் கூட்டத்துல போய் எங்க வீட்டுப் பூனை சைவம்னு சொல்லிக்கிடுததுக்கு அது பட்டினி கிடந்து சாகணுமா? காக்காய்க்கு ஆறு நாளா மீனு! வீட்டுப் பூனைக்குப் பட்டாணி! இதை வெளியில சொன்னா ஊரு சிரிக்கும்!"

"மெதுவாப் பேசுட்டி. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும்!"

கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் தென்காசி பஸ்ஸைப் பிடித்தாள். அண்ணனிடம் இப்படிப் பேசியது வாழ்க்கையிலே அதுதான் முதல் தடவை.

டாக்டர் ஜெயசித்ரா எடை போட்டார். நானூற்றுப் பத்து. கூடியிருக்க வேண்டியது நூறுக்குமேல். குறைந்தது இருபது. அவர் குட்டியின் முதுகில் ஒரு விரலை ஓட்டினார். எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"யாரும்மா இதுக்கு இப்படிச் சாப்பாடு போட்டது?"

முத்துவடிவு நடந்ததைச் சொன்னாள். டாக்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு போய்விட்டது.

"பூனை நம்மள மாதிரி இல்லம்மா. அது மாமிசம் தின்னுதான் உசிரோட இருக்கும். கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய சத்து அதுலதான் இருக்கு. சரி, காலையிலயும் ராத்திரியும் நீங்கதானே வச்சீங்க? துண்டைத் தின்னலைன்னு தெரிஞ்சதுல்ல? நசுக்கி வச்சீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கையால தொட்டதில்ல டாக்டர்."

"அப்ப அவங்களை மட்டும் திட்டிட்டு வந்தா எப்படி?"

அண்ணன் மூக்கைப் பொத்தினார், மதினி ஈர்க்குச்சியால் குத்தினாள், இவள் பாக்கெட்டை எட்டப் பிடித்துக் கொட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மூன்று பேரும் ஒரே வீட்டு ஆட்கள்தான். அந்த எண்ணம் வந்ததும் கோபம் இன்னும் ஏறியது. இந்தத் தடவை தன்மேலேயே.

டாக்டர் ஊசி ஒன்று போட்டார். "எட்டு நாள் பார்ப்போம். மூஸ் வாங்கி, இளஞ்சூடாத் தண்ணி விட்டுக் கரைச்சு, விரல்ல தொட்டு நக்கவைங்க. ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை, கொஞ்சம் கொஞ்சமா. பிரிச்ச பாக்கெட்டை ஃபிரிட்ஜ்ல வைக்கணும், வெளியில வச்சாக் கெட்டுப்போகும். இதுக்குமேல எடை இறங்குச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. சொல்லிட்டேன்."

அங்கிருந்து கிதிர் முகம்மது கடை. அவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு மூன்று விதப் பாக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"பாருங்கக்கா. இது மூஸ், சட்னி மாதிரி மைய அரைச்சது. இது கிரேவி, குழம்புக்குள்ள துண்டு கிடக்கும். இது ஜெல்லி, நாங்க நோம்புக்குக் கடப்பாசி காய்ச்சுவோம்லா, அந்தப் பதத்துல இருக்கும். அண்ணாச்சி எடுத்துட்டுப் போனது ஜெல்லி. அதுவும் பெரிய பூனைக்கு உள்ளது. குட்டிக்கு வேற தாரேன்னு ரெண்டு தடவை சொன்னேன். குடையை மூஞ்சிக்கு நேரா விரிச்சுக்கிட்டு நிக்காக. கடைக்குள்ள மழையா பெய்யுது?"

வேறு நாளாக இருந்தால் முத்துவடிவு சிரித்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் பிரித்த மூஸ் பாக்கெட்டை ஒரு டப்பாவில் போட்டு மூடி ஃபிரிட்ஜைத் திறந்தாள். மேல்தட்டில் தயிர், நடுவில் கோயில் பிரசாதம், கீழே பூ. காய்கறித் தட்டுக்கு ஓரத்தில் டப்பாவை வைத்தாள். முத்துக்குமாரசாமி வந்து டப்பாவை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார்.

"சாமிக்குச் சாத்துத பூ இருக்குத இடம். இதுக்குள்ள செத்த மீனைக் கொண்டு வைப்பியா?"

"மூடி போட்டிருக்கு அண்ணே."

"மூடி போட்டா மீனு கத்திரிக்காயாயிருமா? சிவபூசை நடக்குத வீடுட்டி இது. ஒண்ணு அந்தப் பூனை புறவாசல்ல கிடைக்கிறதைத் தின்னுட்டுக் கிடக்கட்டும், இல்லாட்டா எங்கயாவது கொண்டு விட்டுட்டு வா."

"எங்கயாவதுன்னா?"

"எங்கயாவதுதான். உனக்கு எதுக்கு இந்த வயசுல இது?"

சாவித்ரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நாமளும் எல்லாம் நல்லதுக்குத்தான் செஞ்சோம்" என்றாள்.

முத்துவடிவு இந்தத் தடவை கத்தவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து நாலு சேலையை எடுத்துப் பையில் திணித்தாள். டப்பாவைக் கையில் எடுத்தாள். கூடையை இன்னொரு கையில் எடுத்தாள்.

"எங்கயாவது கொண்டு விடச் சொன்னீயள்லா? விடப்போறேன். கூட நானும் போறேன்."

லாட்ஜில் விஜயசங்கர் பையையும் கூடையையும் மாறிமாறிப் பார்த்தார். ரொம்பக் கேள்வி கேட்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே விரிப்பும் துண்டும் அடுக்கிவைக்கிற துணி அறை ஒன்று உண்டு. கதவுக்குக் கம்பிவலை போட்டது, குரங்கு நுழைய முடியாது. வரவேற்பறையில் குளிர்பான ஃபிரிட்ஜ் இருந்தது.

"எட்டு நாள்தான்க்கா. ஆடி பிறந்துட்டா அந்த ரூம்லயும் கட்டில் போட்டாகணும், ஆள் சொல்லியாச்சு."

"எட்டு நாள் போதும். அதுக்குள்ள பிழைச்சாப் பிழைக்கு, இல்லாட்டா..."

டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் விட்டாள். ஸ்பூனால் கலக்கினாள். ஸ்பூனை நீட்டினால் குட்டி முகத்தைத் திருப்பியது. விரலில் தொட்டுத்தான் கொடுக்கவேண்டும். ஐம்பத்தேழு வயதுவரை வெள்ளைப்பூண்டு உரித்த வாடையையே சோப்பு போட்டுக் கழுவின விரல் அது. முத்துவடிவு கிண்ணத்தையும் விரலையும் பார்த்தாள். தன்னைத்தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு விரலை உள்ளே விட்டாள். குட்டியின் வாயோரத்தில் தடவினாள். அது நாக்கை நீட்டியது. நாக்கு அரம்போலச் சொரசொரத்தது. இன்னொரு தடவை தொட்டாள். இன்னொரு தடவை நக்கியது. ஏழாவது தடவைக்குப் பிறகு தூங்கிவிட்டது.

"தின்னுட்டுத் தூங்குதியாக்கும். ராசாத்தி. ஆறு நாளா என் கண்ணு முன்னாடி பட்டினி கிடந்தியே, ஒரு தடவையாவது கடிச்சு வச்சியா என்னைய?"

பதம் பிடிபட இரண்டு நாள் ஆனது. அப்படியே கெட்டியாகக் கொடுத்தால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு குட்டி தலையை உதறியது. மோர்போலக் கரைத்தால் மூக்கில் ஏறித் தும்மியது. தோசை மாவுப் பதத்தில் கொடுத்தபோது தானாகவே கிண்ணத்தை நோக்கி வந்தது. ஆறாம் நாள் கெட்டியாகவே தின்றது. ஏழாம் நாள் குட்டிகளுக்கான கிரேவி பாக்கெட் ஒன்றைப் பிரித்து, துண்டுகளைக் கட்டைவிரலால் நசுக்கி, மூஸோடு பிசைந்து வைத்தாள். ஒரு துண்டு நசுங்காமல் கிடந்ததைக் குட்டி கடைவாயில் வைத்து உர்ரென்று உறுமிக்கொண்டே மென்றது. அந்த உறுமலைக் கேட்டு முத்துவடிவு கையிலிருந்த தலையணை உறையைக் கீழே போட்டுவிட்டாள்.

இந்த எட்டு நாளும் அவள் வேலையில் ஒன்றும் குறைவில்லை, வாயிலும் குறைவில்லை. எட்டாம் நம்பர் அறையில் ஒருவர் துணி அறையில் என்ன நாற்றம் என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தார்.

ஆனி கடைசிக்கு முந்தின நாள் டாக்டரிடம் கொண்டுபோனாள். ஐந்நூற்றுப் பதினைந்து கிராம்.

"தப்பிச்சுட்டாம்மா. ஆனா இதே மாதிரி இன்னும் ரெண்டு மாசம் பார்க்கணும். இப்பவும் அஞ்சு வேளை. விட்டுறாதீங்க."

டாக்டர் சொன்ன இரண்டு மாதமும் விஜயசங்கர் சொன்ன எட்டு நாளும் முட்டிக்கொண்டன. நாளை மறுநாள் ஆடி. துணி அறையில் கட்டில் வந்து விழும். பஸ்ஸில் திரும்புகிறபோது முத்துவடிவு கூடையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி பூனை அழகாக இருக்கிறது என்றாள். "அழகா இருந்து என்ன, இருக்க இடமில்லையே" என்று அவளிடமும் எரிந்துவிழுந்தாள்.

லாட்ஜ் வாசலில் சாரலில் நனைந்தபடி முத்துக்குமாரசாமி நின்றார். குடை இருந்தது, மடக்கிக் கக்கத்தில் வைத்திருந்தார். நெற்றியில் விபூதி பாதி கரைந்திருந்தது.

"வடிவு, வீட்டுக்கு வாட்டி."

"எதுக்கு?"

"தெருவுல எல்லாரும் கேக்காக. புனேலேருந்து உன் அக்கா போன்ல அழுதா. மதினியும் சோறு தண்ணி சரியா எடுக்கல."

"மதினிக்குக் கேரட்டு கழுவிப் போடுங்க."

அவர் அதை விழுங்கிக்கொண்டார். "ஃபிரிட்ஜ்ல கீழ்த்தட்டைக் காலி பண்ணிட்டேன். பூவை வெளியில எடுத்து வச்சுட்டோம். நீ அந்த டப்பாவை அங்கனயே வச்சுக்கோ. போதும்லா?"

"போதாது."

"இன்னும் என்ன செய்யச் சொல்லுதே?"

"நான் காலையில வந்தா சாயங்காலம்தான் வருவேன். நடுவுல மூணு வேளை யாரு வைப்பா? ஈர்க்குச்சியை வச்சுக்கிட்டு நிப்பீயளா ரெண்டு பேரும்? ஃபிரிட்ஜ்ல வச்ச டப்பா தானா எழுந்திரிச்சு வந்து பிசைஞ்சு குடுக்குமா?"

அவள் அவரைத் துணி அறைக்குள் கூட்டிப்போய்க் கம்பிவலைக் கதவைச் சாத்தினாள். கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். குட்டிகளுக்கான கிரேவி பாக்கெட்டை வெட்டி உள்ளே கொட்டினாள்.

"பிசைங்க."

"நானா?"

"நீங்கதான். அஞ்சு விரலாலயும் தொட்டு, துண்டு இல்லாம நசுக்கிப் பிசைங்க. இன்னைக்கு இது முடிஞ்சாத்தான் நாளைக்கும் முடியும். முடியாதுன்னாச் சொல்லிருங்க. நான் மேலகரத்துல ஒரு ரூம் பாத்துக்கிட்டுப் போயிருதேன், உங்க வாசலை மிதிக்கல."

அவர் தரையில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். உதடு எதையோ முணுமுணுத்தது, பதிகமாக இருக்கலாம். விரல்கள் கிண்ணத்துக்குள் இறங்கியதும் தோள்பட்டை ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு பிசைந்தார். தாலுகா ஆபீசில் முப்பத்தைந்து வருடம் பேனா பிடித்த கை. பிசைகிற வேகம் ரொம்ப மெதுவாக இருந்தது.

"அந்தா, உங்க சுண்டுவிரலுக்குப் பக்கத்துல ஒரு துண்டு கிடக்கு. நசுக்குங்க."

நசுக்கினார். குட்டிக்குப் பொறுக்கவில்லை. கூடையிலிருந்து தாவி அவர் மடியில் ஏறி, கிண்ணத்துக்குள் தலையை விட்டது. அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு குழாயைத் தேடி எழுந்தார்.

"உக்காருங்க! கழுவாதீய. உங்க கையில இருக்கதை அது இன்னும் தின்னல."

உட்கார்ந்தார். குட்டி கிண்ணத்தைத் துடைத்துவிட்டு அவர் விரல் ஒவ்வொன்றாக நக்கத் தொடங்கியது. முத்துவடிவு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரிப்புகளை உதறி உதறி மடித்தாள், ஒவ்வொரு உதறலும் அடிபோல விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முத்துக்குமாரசாமி கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"வடிவு. கையில தீந்துட்டு. இது விரலைக் கடிக்கு. இன்னும் கேக்கும் போலுக்கே."

"கேட்டா அடுத்த பாக்கெட்டைப் பிரிங்க. கத்திரி அந்தா இருக்கு. அதுக்கும் நான்தான் வரணுமா?"

அவர் எச்சில் கையோடு எழுந்து கத்திரியை எடுத்தார்.